ஃபிரீசர் கீழே போகட்டும்: செந்தூல் வீட்டு ஐஸ் பெட்டி, 14 மாதம் கழித்து

கோலாலம்பூர் செந்தூலில் புது கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) குடிவந்து 14 மாதம் ஆகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் பால்கனியையும் சாமி மேடையையும் பார்த்துவிட்டுக் கடைசியில் சமையலறையில் வந்து நின்று கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு இடம் இருக்கே, ஏன் அந்தப் பெரிய ரெண்டு கதவு ஐஸ் பெட்டி எடுக்கல?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதுவும் இப்போது எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேருக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்திருக்கிறது, மூன்று பேரும் ஃபிரிட்ஜ் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

நாங்கள் எடுத்தது மேலே குளிர்ப்பகுதி, கீழே இழுப்பறை வைத்த ஃபிரீசர். கடையில் பாட்டம் ஃபிரீசர் என்று கேட்டால் காட்டுவார்கள். 420 லிட்டர், அகலம் 70 செ.மீ., விலை 2,899 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மறுபடி வாங்கச் சொன்னாலும் இதே வடிவத்தைத்தான் வாங்குவேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒரு மாடல் கடையில் ஒரு வருடம் தங்குவதே பெரிது, நீங்கள் போய்க் கேட்கும்போது அது இருக்காது. வடிவம் அப்படியில்லை, பத்துப் பன்னிரண்டு வருடம் தினமும் அதன் முன்னால் நிற்கப் போவது நாம்தான்.

முதலில், இரண்டு நீளக் கதவு பக்கத்தில் பக்கத்தில் உள்ள சைட் பை சைட்தான் வாங்குவதாக இருந்தோம். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்களே கேபினட் போட்டு, ஃபிரிட்ஜுக்கென்று 93 செ.மீ. அகலத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "91 செ.மீ. பெட்டி கச்சிதமா உட்காரும்" என்றார். மேல் கேபினட் போட வந்த குத்தகைக்காரரும் அதையே சொன்னார், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் பார்க்க அழகு, தூசி போகாது என்று.

இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். முன்பெல்லாம் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கறுப்பாகக் கம்பி வலை மாதிரி ஒன்று இருக்கும், கை வைத்தால் சுடும், உள்ளே இருந்து எடுத்த சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகும். இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தக் குழாயை இரண்டு பக்கச் சுவருக்குள்ளும், தகடுக்குப் பின்னால், ஓட்டிவிடுகிறார்கள். புதுப் பெட்டி வாங்கிய முதல் வாரம் "பக்கமெல்லாம் சுடுதே, கெட்டுப்போச்சா" என்று பயந்துபோய் போன் செய்கிறவர்கள் உண்டு. கெடவில்லை, அது அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சூடு போக இடம் வேண்டும். 93 செ.மீ. இடத்தில் 91 செ.மீ. பெட்டியை நுழைத்தால் பக்கத்துக்கு ஒரு செ.மீ.தான் மிஞ்சும். நம் ஊர் வெயிலில், பக்கத்திலேயே அடுப்பும் எரிகிற சமையலறையில், சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓய்வே எடுக்காமல் ஓடும். பெட்டியோடு வரும் கையேட்டிலேயே பக்கத்தில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று படம் போட்டிருப்பார்கள். கேபினட் போட ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள், கம்பெனிகளின் இணையதளத்திலேயே கிடைக்கிறது.

இன்னொன்று, எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு வலது பக்கம் சுவர். சைட் பை சைட்டில் இடது கதவு ஃபிரீசர், வலது கதவு குளிர்ப்பகுதி. வலது கதவு சுவரில் முட்டி 90 டிகிரிக்கு மேல் போகாது. கதவு 90 டிகிரிதான் திறக்கும் என்றால் உள்ளே இருக்கும் காய்கறி இழுப்பறை முழுசாக வெளியே வராது, கதவின் உள்பக்கத் தட்டில் இடித்து நின்றுவிடும். கடையில் நடுக்கூடத்தில் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. 70 செ.மீ. பெட்டியில் எங்களுக்கு 23 செ.மீ. மிச்சம். அதைச் சுவர்ப்பக்கம் 16, மறுபக்கம் 7 என்று பிரித்து விட்டோம். கதவு நன்றாக விரிகிறது, சூடும் போகிறது.

இதெல்லாம் அளவுக் கணக்கு. என் மனதை மாற்றியது ஒரு சட்டி.

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை இட்லி மாவு அரைப்போம். எவர்சில்வர் சட்டி, வாய் 28 செ.மீ., தட்டு மூடியோடு உயரம் 20 செ.மீ. பழைய வீட்டில் அந்தச் சட்டியை உள்ளே வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஒரு தட்டை எடுத்துவிட்டு, பால் பாக்கெட்டைச் சாய்த்து வைத்து, கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவேன். அதனால் ஜாலான் ஈப்போ பக்கம் கடை கடையாக ஏறியபோது அந்தச் சட்டியையும், தீபாவளிக்கு அகர்-அகர் ஊற்றும் 40க்கு 30 செ.மீ. தட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். முதல் கடையில் இருந்த தம்பி, "அக்கா, சட்டியையே கொண்டு வந்துட்டீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். பத்து நிமிடத்தில் அவரே சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருடத்தில் இப்படி யாரும் வைத்துப் பார்த்ததில்லை, லிட்டரையும் விலையையும் மட்டும்தான் கேட்பார்கள் என்றார்.

600 லிட்டருக்கு மேல் எழுதியிருந்த சைட் பை சைட்டில் குளிர்ப்பகுதியின் உள் அகலம் 43 செ.மீ., ஃபிரீசரின் உள் அகலம் 31 செ.மீ. டேப் வைத்தே பார்த்தேன். சட்டி போகிறது, ஆனால் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாஸ் பாட்டிலைத் தவிர வேறு ஒன்றும் போகாது. மாவுச் சட்டி ஒரு தட்டு, சாம்பார் சட்டி இன்னொரு தட்டு, மேலே உயரம் வீணாகக் கிடக்கும். அகர்-அகர் தட்டை நீளவாக்கில் உள்ளே தள்ளினால் நுழைந்தது, ஃபிரீசர் பக்கம் அதே தட்டைக் காட்டினால் விளிம்பு இரண்டு பக்கமும் உரசியது. ஐஸ் தானாக விழும் வசதி வைத்த மாடலில் ஃபிரீசரின் மேல்பாதியில் பெரும்பகுதியை அந்த இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து ஒரு முழுத் தெங்கிரி மீன் வாங்கி வந்தால் வெட்டாமல் வைக்கவே முடியாது. அத்தனை லிட்டரும் ஒடுக்கமாக, ஆழமாக இருக்கிறது, அதாவது முன்வரிசைக்குப் பின்னால் போன சாமான் போனதுதான். போன வாரத்துச் சம்பால் இந்த வாரம் கண்ணில் படும்.

பாட்டம் ஃபிரீசரில் உள் அகலம் 58 செ.மீ. மாவுச் சட்டியும் அதே அளவு இன்னொரு சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அகர்-அகர் தட்டு குறுக்காகவே போனது. கடைத் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. 180 லிட்டருக்கும் மேல் குறைவான பெட்டியில் எங்கள் வீட்டுச் சட்டிகள் அதிகம் பிடிக்கின்றன. மேற்கத்திய சமையலுக்கு, டப்பா டப்பாவாக அடுக்குகிற வீட்டுக்கு, சைட் பை சைட் நன்றாக இருக்கலாம். உறைந்த சாமான் நிறைய வாங்கி வைக்கிறவர்களுக்கும், நின்றபடியே எல்லாத் தட்டையும் பார்ப்பது வசதிதான். நம்முடையது சட்டியும் குண்டானும் உள்ள சமையல், நமக்கு வேண்டியது அகலம்.

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்தேன். கோம்பாக் வாடகை வீட்டில் மேலே ஃபிரீசர், கீழே குளிர்ப்பகுதி வைத்த பழைய பெட்டி. ஒரு சனிக்கிழமை முழுக்க அதன் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு கோடு போடச் சொன்னேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருந்ததால் ஒழுங்காகப் போட்டார்கள். இரவு எண்ணிப் பார்த்தால் குளிர்ப்பகுதி 38 தடவை, ஃபிரீசர் 5 தடவை. ஐந்து தடவை திறப்பதைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, 38 தடவை திறப்பதற்குக் குனிந்துகொண்டிருக்கிறோம். அதிலும் காய்கறிப் பெட்டி எல்லாவற்றுக்கும் கீழே, கிட்டத்தட்ட தரையில். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். கறிவேப்பிலை நாலு இணுக்கு எடுக்க அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அது அந்தப் பெட்டியின் வடிவத்தால் வருகிற கஷ்டம் என்று அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இப்போது காய்கறி இழுப்பறை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நின்றபடியே இழுக்கிறார், நின்றபடியே எடுக்கிறார். அவருக்கு இது இன்னும் "ஐஸ் பெட்டி"தான், ஆனால் "இந்த ஐஸ் பெட்டி நல்ல பெட்டி" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இதற்காக மேலே ஃபிரீசர் வைத்த பழைய வடிவத்தை மட்டம் தட்டவில்லை. ஒரே லிட்டருக்கு அதுதான் விலை குறைவு, கடையில் மாடல்களும் அதில்தான் அதிகம். 1,500 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், வீட்டில் முழங்கால் வலிக்காரர் யாரும் இல்லை என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். மிச்சக் காசில் நல்ல கிரைண்டர் வாங்கலாம்.

நாலு கதவு பற்றிச் சொல்ல வேண்டும், இப்போது எல்லாக் கடையிலும் முன்னால் நிறுத்தியிருப்பது அதைத்தான். பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருக்கும் என் அக்கா அதை வைத்திருக்கிறார், போகும்போதெல்லாம் நான் அதில் சமையல் செய்திருக்கிறேன். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு. உண்மையாகவே நல்ல வடிவம். மேல்பகுதியில் தட்டுகள் முழு அகலத்துக்கும் இருப்பதால் குண்டானே வைக்கலாம், ஒவ்வொரு கதவும் பாதி அகலம்தான் என்பதால் திறக்கும்போது பாதை மறிக்காது. ஒடுக்கமான, நீளமான சமையலறைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒரு மடிப்புப் பட்டை இருக்கிறது பாருங்கள், இடது கதவோடு ஒட்டியிருக்கும், கதவு சாத்தும்போது தானாக விரிந்து இடைவெளியை மூடும். அதை யாராவது தெரியாமல் தட்டி விரித்து வைத்துவிட்டால் கதவு சாத்தாது, எதிலோ இடித்துக்கொண்டே இருக்கும். அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்தால் இதே வேலை. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த இடம் வியர்க்காமல் இருக்க உள்ளே சின்ன ஹீட்டர் வேறு வைத்திருப்பார்கள். விலையும் நாங்கள் பார்த்த கடைகளில் 4,000 வெள்ளிக்குக் கிட்டே தொடங்கியது. இரண்டு பிள்ளைகளும் ஒரு அம்மாவும் உள்ள வீட்டுக்கு அது எங்களுக்கு அதிகம் என்று தோன்றியது. ஏழெட்டுப் பேர் உள்ள வீடு என்றால் நான் அக்கா பக்கம்தான்.

தண்ணீர் கதவிலேயே வரும் வசதியை வேண்டாம் என்று தள்ளிவிட்டோம். ஏற்கெனவே வீட்டில் தண்ணீர் வடிகட்டி இருக்கிறது. குழாயோடு இணைக்கும் மாடல் என்றால் அதற்கு வேறு ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தொட்டி மாடல் என்றால் தொட்டியைக் கழுவ வேண்டும்.

கரண்டுக் கணக்கு. சுருஹான்ஜாயா தெனாகாவின் (அரசாங்க எரிசக்தி ஆணையம்) நட்சத்திர லேபிள் 2013 முதல் இங்கே விற்கும் ஃபிரிட்ஜுகளில் கட்டாயம். எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த லேபிளிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும், பார்க்க வேண்டியது அதை. நட்சத்திரம் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கில் எடுத்துத்தான் கொடுக்கப்படுகிறது, அதனால் நாலு நட்சத்திரம் வாங்கிய பெரிய பெட்டி மூன்று நட்சத்திரச் சின்னப் பெட்டியைவிட அதிகம் கரண்டு தின்னலாம். நான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த இரண்டில், பாட்டம் ஃபிரீசரில் 310 யூனிட் என்றும் சைட் பை சைட்டில் 540 யூனிட் என்றும் இருந்தது. வித்தியாசம் 230. யூனிட் 40 சென் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 92 வெள்ளி, பத்து வருடத்துக்கு 900க்கு மேல். முன்பு தெனாகா கரண்டு பில்லில் முதல் 200 யூனிட் 21.8 சென், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2025 ஜூலையிலிருந்து கணக்கிடும் முறையே மாறிவிட்டது, அதனால் உங்கள் பில்லை எடுத்து யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. 2021ல் நாலு, அஞ்சு நட்சத்திரப் பெட்டிக்கு அரசாங்கம் 200 வெள்ளி தள்ளுபடி கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். வாங்கும் சமயத்தில் அந்த மாதிரி திட்டம் ஏதாவது நடக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வடிவத்தோடு சேர்த்து நான் கேட்ட இன்னொரு கேள்வி, உள்ளே குளிர்ச்சுருள், அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருள், ஒன்றா இரண்டா என்பது. ஒன்றுதான் என்றால் ஃபிரீசரின் காற்றே மேலேயும் சுற்றி வரும், மேலே உள்ள வாசனை எல்லாம் ஐஸில் ஏறும். கருவாடும் பெலாச்சானும் (இறால் விழுது) வைக்கிற வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. சாம்சங்கில் டுவின் கூலிங் என்று பெயர் வைத்து விற்பது இந்த இரண்டு சுருள் ஏற்பாட்டைத்தான், வேறு சில கம்பெனிகளிலும் இருக்கிறது. எங்கள் பெட்டியில் இரண்டு. போன ஜூலையில் டுரியான் சீசனில் தெலுக் இந்தானிலிருந்து மாமா கொண்டுவந்த பழத்தைச் சுளை எடுத்து, மூடி போட்ட டப்பாவில்தான், குளிர்ப்பகுதியில் மூன்று நாள் வைத்திருந்தோம். மேல்கதவைத் திறந்தாலே கூடம் வரைக்கும் மணக்கும். பிள்ளைகளுக்குச் சீராப் கலக்க ஐஸ் எடுத்தேன், ஐஸில் ஒரு துளி டுரியான் வாசம் இல்லை. பழைய பெட்டியில் இதே வேலை செய்துவிட்டு இரண்டு வாரம் ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

மாவு புளிப்பதும் குறைந்திருக்கிறது. பழைய பெட்டியில் மூன்றாம் நாளே தோசைக்குத்தான் ஆகும், இப்போது ஐந்தாம் நாள் வரை இட்லி ஊற்றுகிறேன். ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. குளிர்ப்பகுதி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, கதவில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிற்க வைத்து இரவு முழுக்க உள்ளே விட்டுக் காலையில் பார்த்தேன். நடுத்தட்டில் 4, கதவுத் தட்டில் 7. அன்றிலிருந்து பாலையும் மாவையும் கதவுப் பக்கம் வைப்பதில்லை, அங்கே ஊறுகாயும் சாஸும்தான். பின்சுவரில் காற்று வரும் துவாரத்தை ஒட்டி கீரை வைத்தால் உறைந்து கறுத்துப்போகும், அதையும் ஒருமுறை பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். உள்சுவரில் ஐஸ் படியாத பெட்டிகளில் காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் மூடாத எதுவும் காய்ந்துபோகும். கறிவேப்பிலையைத் துடைத்து, தாளில் சுற்றி, டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் பச்சையாக இருக்கிறது.

பின்பக்கம் கீழே கம்ப்ரசர் மேல் ஒரு சின்னத் தட்டு இருக்கும், உள்ளே உருகும் தண்ணீர் அதில்தான் விழுந்து சூட்டில் ஆவியாகும். சில பெட்டிகளில் அந்தத் தண்ணீர் முழுசாகக் காயாமல் தேங்கி நிற்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். டிங்கி எங்கள் கீழ்மாடியில் ஒரு வீட்டுக்கு வந்து போனதிலிருந்து நான் தவறாமல் பார்க்கிறேன்.

டெலிவரி அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் முழுமையாகாது. காலை 11 மணிக்கு வருவதாகச் சொன்ன லோரி மாலை 4.40க்கு வந்தது. எங்கள் கொண்டோவில் சாமான் ஏற்றும் லிஃப்ட் 5 மணி வரைக்கும்தான். அவசர அவசரமாக மேலே கொண்டுவந்து, அட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினார்கள். நான் பிரித்துக் காட்டுங்கள் என்று நின்றேன். இடது பக்கம் பின்மூலையில் கைப்பிடி அளவுக்கு உள்ளே நசுங்கியிருந்தது. "பின்னாடிதானே அக்கா, தெரியாது" என்றார் ஒருவர். நான் முன்னால் சொன்னேனே, பக்கச் சுவருக்குள்தான் குழாய் ஓடுகிறது என்று, அங்கே நசுங்கினால் அது வெறும் அழகுக் குறை இல்லை, உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரியக்கூடிய வாயு. படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். கடையில் மறுப்பு சொல்லவில்லை, ஆனால் வேறு பெட்டி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் மளிகைக் கடை ஐஸும் பாலிஸ்டைரீன் பெட்டியும்தான், அம்மாவின் இன்சுலினை மட்டும் எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா தன் ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தார். நீங்கள் யாரிடம் வாங்கினாலும் சரி, பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், வாசலை அளக்கும்போது பெட்டியின் அகலத்தை மட்டும் பார்க்காமல் ஆழத்தையும் பாருங்கள், பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைப்பார்கள். இரும்புக் கிரில் போட்ட பிறகு எங்கள் வாசல் 81 செ.மீ., பெட்டியின் ஆழம் 73, தப்பித்தோம்.

இனி பெட்டியின் குறைகள். ஃபிரீசரின் கடைசி இழுப்பறை, கீழே இருப்பது, மற்றவற்றைவிட ஆழம் குறைவு. கம்ப்ரசர் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மேல் இழுப்பறை உள்ளே 36 செ.மீ. போகிறது, கடைசி இழுப்பறை 22 செ.மீ.தான். கடையில் இழுப்பறையை இழுத்து முகப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், முழுசாகக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் அதில் துருவிய தேங்காயும் கட்டிய சந்தான் (தேங்காய்ப்பால்) பாக்கெட்டும் வைக்கிறேன், அதற்குச் சரியாக இருக்கிறது.

இரண்டாவது, இழுப்பறையெல்லாம் பிளாஸ்டிக். நடு இழுப்பறையில் ஐந்து கிலோ கோழியைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்ததில் பக்கத்துத் தடுப்பு உடைந்துவிட்டது. கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்டி என்று கதவிலேயே பெரிய ஸ்டிக்கர் இருக்கிறது, பிளாஸ்டிக் பாகங்களுக்கு அது கிடையாது. 85 வெள்ளி கொடுத்து, ஆறு வாரம் காத்திருந்து புது இழுப்பறை வந்தது. வாரன்டித் தாளில் எதற்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், வாங்கும்போதே படித்துவிடுங்கள். மூன்றாவது, முகப்பு கண்ணாடி, காந்தம் ஒட்டாது. நாள்காட்டியும் பிள்ளைகள் வரைந்த படங்களும் பக்கவாட்டுச் சுவருக்குப் போய்விட்டன. மஞ்சள் கை பட்டால் உடனே தெரியும், ஆனால் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடுகிறது.

மின்னல் விஷயம் ஒன்று. இப்போது வருகிற, கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்டர் பெட்டிகளில் எல்லாமே எலக்ட்ரானிக் போர்டு, மாலை இடிமழையில் அது போனால் செலவு பெரிது. ஃபிரிட்ஜுக்கென்று தனி 13 ஆம்பியர் பிளக், அதோடு திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர். அந்தப் பிளக் பெட்டிக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு அணைக்கப் பெட்டியையே இழுக்க வேண்டியிருக்கும். வயர்மேன் வீட்டில் வேலை செய்யும்போதே சொல்லிவிட்டால் 50 வெள்ளிக்குள் முடிகிற காரியம். கரண்டு போனால் பயப்பட வேண்டாம், ஃபிரீசர் நிறைந்திருந்து கதவைத் திறக்காமலும் இருந்தால் கிட்டத்தட்ட 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். மேல்பகுதி அப்படி இல்லை, நாலு மணி நேரம்தான்.

போன தீபாவளிக்குத்தான் இந்தப் பெட்டிக்கு முழுப் பரீட்சை. அகர்-அகர் இரண்டு தட்டு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் போனது, சட்னி, ரசம், வெட்டி வைத்த காய், ஊறவைத்த கோழி என்று மேல்பகுதி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஃபிரீசர் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறு கிலோ ஆட்டிறைச்சியில் நாலு கிலோதான் உள்ளே போனது, இழுப்பறைகளில் சுவரும் விளிம்பும் தின்கிற இடம் அதிகம், இது இந்த வடிவத்தின் குறைதான், சைட் பை சைட்டாக இருந்தால் ஆறும் போயிருக்கும். மிச்ச இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போனேன், ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்தார். நோன்புப் பெருநாள் வந்தபோது அவர் வீட்டில் ரெண்டாங் குண்டானுக்கு இடமில்லை. நான் மேல் தட்டில் மாவுச் சட்டிக்குப் பக்கத்து இடத்தைக் காலி செய்து கொடுத்தேன், குண்டான் மூடியோடு உள்ளே போனது, கதவும் நன்றாகச் சாத்தியது.